இரவில் திரை பார்த்தால் கண் எரிவது ஏன்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தால் இன்று முதலில் வரும் கேள்வி, "கம்ப்யூட்டர் அதிகம் பார்ப்பீர்களா?" என்பதுதான். ஆம் என்று சொன்னவுடன் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி மேசைக்கு வந்துவிடுகிறது. கைப்பேசி, பொழுது சாய்ந்ததும் தன் திரையைத் தானாகவே மஞ்சளாக்கிக்கொள்கிறது. செயலிகள் கறுப்புப் பின்னணிக்கு மாறச் சொல்கின்றன. இவை அனைத்தையும் செய்தவர்களுக்கும் இரவு பதினொரு மணிக்குக் கணினியை மூடும்போது கண் எரியத்தான் செய்கிறது. காரணம் வேறிடத்தில் இருக்க, தீர்வை இன்னோரிடத்தில் தேடுவதால் வரும் குழப்பம் இது.

ஒரே பெயரில் இரண்டு தொல்லைகள்

"இரவில் திரை பார்த்தால் கண்ணுக்குக் கெடுதல்" என்ற ஒற்றை வாக்கியத்துக்குள், ஒன்றோடொன்று அதிகம் தொடர்பில்லாத இரண்டு புகார்கள் இருக்கின்றன.

1. கண் சோர்வு. எரிச்சல், மண் விழுந்தது போன்ற உறுத்தல், எழுத்து மங்கி மங்கித் தெளிவது, நெற்றிப்பொட்டில் வலி ஆகியவை இதன் அடையாளங்கள். கண்ணின் மேற்பரப்பிலும், கண்ணைக் குவியப்படுத்தும் தசைகளிலும் இது நிகழ்கிறது.

2. தூக்கக் கேடு. படுத்தபின் நெடுநேரம் உறக்கம் வராமல் இருப்பது. கண் வழியாக மூளைக்குச் செல்லும் "இன்னும் பகல்தான்" என்ற செய்தியால் இது நிகழ்கிறது. இதற்குக் கண்ணில் வலியோ எரிச்சலோ இருக்க வேண்டியதில்லை.

நீல ஒளிக்கு இரண்டாவது தொல்லையில் உண்மையான பங்கு உண்டு. முதலாவதில் அதற்குப் பங்கு இருப்பதாக இதுவரை நம்பத்தக்க சான்று இல்லை. விற்பனைப் பேச்சில் இரண்டும் ஒன்றாகக் குழைக்கப்படுகின்றன.

இவற்றுக்கு மேல், திரையின் ஒளி விழித்திரையையே பொசுக்கிவிடும் என்ற அச்சமும் பலருக்கு உண்டு. சாதாரண மானிட்டர் முழு வெளிச்சத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கேண்டெலா ஒளிர்வைத் தருகிறது. பகல் வானத்தின் ஒளிர்வோ பல ஆயிரம் கேண்டெலா. கொடியில் துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போய்வருபவரின் கண்ணுக்குள் ஒவ்வொரு நொடியும் செல்லும் நீல ஒளி, திரையிலிருந்து வருவதைவிடப் பன்மடங்கு அதிகம். ஆகவே அந்த அச்சத்தை இங்கேயே ஒதுக்கிவிடலாம்.

சிமிட்ட மறக்கும் கண்

கருவிழியின் முன்புறம் கண்ணாடி போன்ற ஒரு சவ்வு இருக்கிறது. ஒளி ஊடுருவ வேண்டும் என்பதால் அதில் இரத்தக் குழாய்கள் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து கண்ணீர் வழியாகவே அது பெறுகிறது. அந்தக் கண்ணீர், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே தடிமனுள்ள படலம். அடியில் வழவழப்பான மியூசின், நடுவில் நீர், மேலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு என்று அது அமைந்திருக்கிறது. எண்ணெய், இமை விளிம்பில் வரிசையாக உள்ள நுண்ணிய சுரப்பிகளிலிருந்து வருகிறது. ஒவ்வொரு சிமிட்டலும் அந்தச் சுரப்பிகளைப் பிழிந்து, படலத்தைப் புதிதாகப் பூசிவிடுகிறது. சிமிட்டல் தாமதமானால் படலம் ஆங்காங்கே பிளந்து, உடலிலேயே நரம்பு முனைகள் மிக அடர்ந்த பரப்புகளில் ஒன்றான அந்தச் சவ்வு காற்றுக்குத் திறந்துகொள்கிறது. நாம் எரிச்சல் என்று உணர்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஜப்பானிய ஆய்வாளர்கள் 1993இல் 104 அலுவலகப் பணியாளர்களிடம் சிமிட்டலை எண்ணிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது சராசரியாக நிமிடத்துக்கு 22 முறை, புத்தகம் படிக்கும்போது 10 முறை, கணினித் திரையைப் பார்க்கும்போது 7 முறை என்று கணக்கு வந்தது. இந்த எண்களில் கவனிக்க வேண்டியது நடுவில் உள்ள 10. புத்தகத்தில் ஒளியும் இல்லை, மின்சாரமும் இல்லை; அப்படியிருந்தும் சிமிட்டல் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. சிமிட்டலைக் குறைப்பது முதன்மையாக நம் கவனமே என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டியதில்லை.

திரை இதனுடன் இன்னொன்றைச் சேர்க்கிறது. புத்தகத்தை மடியில் வைத்துக் குனிந்து படிக்கும்போது மேலிமை கண்ணைப் பாதி மூடியிருக்கும். நேர் எதிரே அல்லது சற்று மேலே இருக்கும் மானிட்டரைப் பார்க்கும்போது கண் அகலத் திறந்திருப்பதால் கண்ணீர் வேகமாக ஆவியாகிறது. தலைக்கு மேலே சுழலும் மின்விசிறியோ, முகத்துக்கு நேரே வீசும் ஏசியோ இருந்தால் சொல்லவே வேண்டாம். ஈரத் துணியை உலர்த்த நாம் செய்யும் எல்லாவற்றையும் கண்ணுக்குச் செய்துகொண்டு, பழியை மட்டும் ஒளியின்மேல் போடுகிறோம்.

தசை சுமக்கும் பாரம்

அருகிலுள்ள பொருளைப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் சிலியரித் தசை சுருங்கி, விழி லென்ஸைப் பருமனாக்குகிறது. இந்த உழைப்பை டையாப்டர் என்ற அலகால் அளக்கிறார்கள். ஒன்றை, மீட்டரில் உள்ள தொலைவால் வகுத்தால் கிடைப்பதே அந்த எண். தூரத்தைச் சரியாகப் பார்க்கும் ஒரு கண்ணுக்கு,

1. ஆறு மீட்டருக்கு அப்பால் உள்ள பொருளுக்கு உழைப்பு ஏறக்குறைய இல்லை;
2. 66 சென்டிமீட்டரில் உள்ள மானிட்டருக்கு 1.5 டையாப்டர்;
3. 40 சென்டிமீட்டரில் உள்ள புத்தகத்துக்கு 2.5 டையாப்டர்;
4. படுக்கையில் ஒருக்களித்து 25 சென்டிமீட்டரில் பிடித்த கைப்பேசிக்கு 4 டையாப்டர்.

இரவு வேலையை முடித்து, கண்ணுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்து மானிட்டரிலிருந்து கைப்பேசிக்கு மாறுபவர், தசையின் பாரத்தை இரண்டரை மடங்குக்கும் மேல் ஏற்றிக்கொள்கிறார். இரு கண்களையும் மூக்கை நோக்கித் திருப்பி நிறுத்தும் தசைகளுக்கும் அதே கதைதான்.

சிறு வயதில் 10 டையாப்டருக்கு மேல் இருக்கும் இந்தக் குவியத் திறன், நாற்பதை ஒட்டிய வயதில் ஏறத்தாழ 5 டையாப்டருக்கு வந்துவிடுகிறது. வெள்ளெழுத்து என்று நாம் சொல்வது இதைத்தான். கையிருப்பு ஐந்து என்னும்போது நான்கைச் செலவழித்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருப்பது எளிதல்ல. வாசிப்புக் கண்ணாடி பெரும்பாலும் 40 சென்டிமீட்டருக்குக் கணக்கிட்டது; மானிட்டர் அதற்கு அப்பால் இருக்கிறது. தூரத்துக்கு மேற்பகுதியும் வாசிப்புக்குக் கீழ்ப்பகுதியுமாக அமைந்த ப்ரோக்ரசிவ் கண்ணாடி அணிந்தவர்கள், கீழ்ப்பகுதி வழியாக மானிட்டரைப் பார்க்கத் தாடையைத் தூக்கிக்கொண்டே இருந்து, கடைசியில் கழுத்து வலிக்கு மருத்துவரைத் தேடுவதும் நடக்கிறது.

இரவு புதிதாகச் சேர்ப்பது

மேலே சொன்னவை பகலிலும் உள்ளவை. இரவில் அவை கடுமையாவதற்குக் காரணம் அறையின் இருட்டு.

நல்ல வெளிச்சத்தில் 2 முதல் 4 மில்லிமீட்டராக இருக்கும் கண்ணின் பாவை, இருட்டில் 4 முதல் 8 மில்லிமீட்டர் வரை விரிகிறது. விரிந்த பாவை வழியாகக் கண்ணின் ஓரப் பகுதிகளும் பிம்பத்தை உருவாக்கத் தொடங்குவதால், பகலில் தெரியாமல் ஒளிந்திருந்த சிறு குறைகள் வெளியே வருகின்றன. "சிலிண்டர் பவர்" (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாத குறை) சிறிதளவு இருந்து கண்ணாடி போடாதவருக்கு இரவில் எழுத்தைச் சுற்றி நிழல் படர்வது இதனால்தான்.

அடுத்தது வேறுபாடு. அறை விளக்கை அணைத்துவிட்டு, பகல் வெளிச்சத்துக்கு ஏற்ப வைத்த அதே திரையைப் பார்க்கும்போது, இருட்டின் நடுவில் ஒரு சன்னலை மட்டும் திறந்து வைத்தது போல் ஆகிறது. பார்வை திரைக்கும் விசைப்பலகைக்கும் பக்கத்திலிருக்கும் தாளுக்கும் இடையே தாவும் ஒவ்வொரு முறையும் கண் தன்னை மாற்றியமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கணினி நிறங்களுக்குப் பொதுத் தரமாக உள்ள எஸ்ஆர்ஜிபி, மங்கலான ஓர் அறையையும் 80 கேண்டெலா ஒளிர்வுள்ள திரையையும் மனத்தில் கொண்டே வகுக்கப்பட்டது. 300 கேண்டெலா திரையை இரவில் அப்படியே விட்டுவைப்பவர் அதைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஒளியை எதிர்கொள்கிறார்.

இதைச் சரிபார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். திரையில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பார்த்தால் போதும். தாள் அழுக்குச் சாம்பலாகவும் திரை விளக்குபோலவும் தெரிந்தால் திரையின் ஒளி அதிகம். திரை தாளைவிட மங்கித் தெரிந்தால் குறைவு. இரண்டும் ஒரே வெள்ளையாகத் தெரியும் இடமே அந்த அறைக்குரிய அளவு.

இன்னொரு சோதனையும் உண்டு. திரையைப் பார்த்தபடியே உள்ளங்கையை நெற்றியில் கூரைபோல் வைத்துப் பாருங்கள். சட்டென்று கண்ணுக்கு இதமாக இருந்தால், தொல்லை திரையில் இல்லை. எதிரே உயரத்தில் எரியும் டியூப்லைட்டில் இருக்கிறது. அதே டியூப்லைட் முதுகுக்குப் பின்னால் இருந்தால், திரையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடாக விழுந்து, அதற்குள் இருக்கும் எழுத்தைத் தேடித் தேடிப் படிக்க வைக்கும்.

நீல ஒளி: எங்கே குற்றவாளி, எங்கே இல்லை

விழித்திரையில் பார்வைக்கு உதவும் செல்களைத் தவிர, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் மூளையின் கடிகாரத்துக்குச் சொல்லும் செல்களும் உள்ளன. இவை தாமாகவே ஒளியை உணர்பவை என்பதை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பெர்சன் குழு 2002இல் காட்டியது. அவற்றில் உள்ள மெலனாப்சின் என்ற நிறமி, 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல ஒளிக்கு மிகுதியாகத் துலங்குகிறது. வெள்ளை எல்இடி என்பது உண்மையில் 450 நானோமீட்டர் அளவிலான நீல எல்இடியின்மேல் மஞ்சள் பூச்சு பூசியது. ஆகவே திரையின் ஒளி இச்செல்களை எட்டுகிறது. உறக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகிறது.

எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதுதான் கேள்வி. 2014இல் வெளியான, அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வில் 12 பேர் மங்கிய அறையில், முழு வெளிச்சத்தில் வைத்த மின்நூல் கருவியில், படுக்கும் முன் நான்கு மணி நேரம் தொடர்ந்து படித்தார்கள். அச்சுப் புத்தகம் படித்த இரவுகளைவிட அவர்கள் உறங்க எடுத்துக்கொண்ட கூடுதல் நேரம் சராசரியாக 10 நிமிடம்; மெலடோனின் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னுக்குப் போயிருந்தது. விளைவு உண்மை, ஆனால் சூழ்நிலை உச்சமானது. சுவீடனின் உப்சாலாவில் 2016இல் நடந்த ஆய்வு, பகலில் நல்ல வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு மாலையில் இரண்டு மணி நேரம் திரையில் படித்தது மெலடோனினைக் குறைக்கவில்லை என்று கண்டது. பகல் முழுவதும் திரைச்சீலை மூடிய அறையில் இருந்துவிட்டு, இரவுத் திரையை மட்டும் நொந்துகொள்வதில் பொருளில்லை.

இனி கண்ணாடி. 17 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, நீல ஒளிக் கண்ணாடி குறுகிய காலத்தில் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று முடிவு சொன்னது. அமெரிக்கக் கண் மருத்துவ அகாதெமியும் கணினி வேலைக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. பிரிட்டனில் பெரிய கண்ணாடிக் கடைத் தொடர் ஒன்று, இக்கண்ணாடி பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரம் வெளியிட்டதற்காக 2017இல் 40,000 பவுண்டு அபராதம் கட்டியது.

கடைகளில் காட்டப்படும் சோதனையையும் சொல்லியாக வேண்டும். ஊதா நீலக் கதிர் உமிழும் ஒரு பேனாவை, ஓர் அட்டையின்மேல் அடித்துக் காட்டுவார்கள். நடுவில் கண்ணாடியை நீட்டியதும் புள்ளி மறைந்துவிடும். அந்தப் பேனாவின் கதிர் வழக்கமாக 405 நானோமீட்டர். திரையின் நீலமோ 450ஐ ஒட்டியது. 420க்குக் கீழே திரையிலிருந்து வருவது மிகச் சொற்பம். அதாவது, திரை ஏறக்குறைய அனுப்பாத ஒன்றைக் கண்ணாடி தடுக்கிறது என்பதே அங்கு மெய்ப்பிக்கப்படுகிறது. நிறமற்றதாகத் தெரியும் இக்கண்ணாடிகள் திரையின் நீல ஒளியில் பெரும்பாலும் 10 முதல் 25 விழுக்காட்டை மட்டுமே குறைக்கின்றன. திரை வெளிச்சத்தை இரண்டு புள்ளி இறக்கினால் இந்தக் குறைப்பு காசில்லாமல் கிடைக்கும்.

மஞ்சள் திரையும் கறுப்புப் பின்னணியும்

ஐபோனில் நைட் ஷிஃப்ட் என்ற வசதி 2016 மார்ச்சிலும், விண்டோஸ் 10இல் நைட் லைட் 2017 ஏப்ரலிலும் வந்தன. ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அலகில், திரையின் வழக்கமான வெள்ளை 6500 கெல்வின். பழைய குண்டு பல்பின் மஞ்சள் 2700 கெல்வின். இவ்வசதிகள் முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கித் திரையை நகர்த்துகின்றன. தூக்கத்தைப் பொறுத்தவரை இதன் பலன் சிறிது. நைட் ஷிஃப்ட் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் உறக்கத்தில் வேறுபாடு இல்லை என்று அமெரிக்காவின் ப்ரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஆய்வு கூறியது. அறையில் மஞ்சள் விளக்கு எரியும்போது திரையும் அதே நிறத்தில் இருப்பது கண்ணுக்கு உவப்பாக இருக்கும் என்பதற்காகவே இதை வைத்துக்கொள்ளலாம். திரையை மஞ்சளாக்கிவிட்டு வெளிச்சத்தை முழுவதும் ஏற்றி வைப்பது, உப்பைக் குறைத்த ஊறுகாயை இரட்டிப்பாகத் தின்பதற்குச் சமம்.

டார்க் மோட் எனப்படும் கறுப்புப் பின்னணி பற்றிய நம்பிக்கையும் மறுபரிசீலனைக்கு உரியது. ஜெர்மனியின் டூசெல்டார்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் இளைஞர்களையும் முதியவர்களையும் சோதித்தபோது, வெள்ளையில் கறுப்பு எழுத்தை இரு தரப்பினருமே கூடுதல் துல்லியமாகப் படித்தனர். காரணம் மேலே சொன்ன பாவைதான்: திரை கறுப்பானால் பாவை விரிகிறது, விரிந்தால் எழுத்தின் விளிம்பு கலங்குகிறது. சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு வெள்ளை எழுத்து கறுப்பில் கசிவதுபோல் தெரியும். கண்புரை தொடங்கியவர்களுக்கு மட்டும் நிலைமை தலைகீழ். வெள்ளைப் பின்னணியின் ஒளி கண்ணுக்குள் சிதறிக் கூசுவதால் அவர்களுக்குக் கறுப்பே இதமாக இருக்கும்.

தமிழில் படிப்பவர்களுக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. ஆங்கில எழுத்து வசதியாகத் தெரியும் அதே அளவில், தமிழின் ண, ன சுழிகளும், ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேறுபாடும், மெய்யின் புள்ளியும் திரையின் ஓரிரு பிக்சல் கட்டங்களுக்குள் நெருங்கிவிடுகின்றன. கறுப்புப் பின்னணியில் மெல்லிய எழுத்துரு என்றால், புள்ளி இருக்கிறதா என்று ஊகித்துப் படிக்க வேண்டியதாகிறது. இரவில் தமிழ்ப் பக்கங்களை 125 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிக்கொள்வது, பின்னணி நிறத்தை மாற்றுவதைவிடப் பெரிய உதவி.

கண்ணுக்குத் தெரியாத மினுமினுப்பு

சில திரைகள் வெளிச்சத்தைக் குறைக்க, ஒளியை மங்கவைப்பதில்லை. மிக வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. ஓலெட் கைப்பேசிகள் பலவற்றில் இது நொடிக்கு 240 முறை நடக்கிறது. வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்க அணைந்திருக்கும் நேரம் நீள்வதால், இரவில்தான் இது மிகுகிறது. எல்லோருக்கும் இதனால் தொல்லை வருவதில்லை. தலைவலி வருபவர்கள், இன்னொரு கைப்பேசியின் ஸ்லோ மோஷன் வசதியில் அந்தத் திரையைப் படம் எடுத்துப் பார்க்கலாம். கறுப்புப் பட்டைகள் ஓடினால் ஐயம் உறுதி. திரையின் நேரடி வெளிச்சத்தை நடுத்தரமாக வைத்துக்கொண்டு, ஆண்ட்ராய்டு 12 முதல் உள்ள எக்ஸ்ட்ரா டிம் போன்ற வசதியால் மேலும் மங்கச் செய்வது ஒரு வழி.

எதை முதலில் செய்வது

1. அறையை இருட்டாக வைக்காதீர்கள். மானிட்டருக்குப் பின்னால் சுவரை நோக்கி ஒரு சிறிய மஞ்சள் விளக்கு போதும். விளக்கு நேரடியாகக் கண்ணில் படக் கூடாது.

2. அதன் பிறகு தாள் சோதனையால் திரை வெளிச்சத்தை இறக்குங்கள். வரிசை முக்கியம்: விளக்கைப் போடாமல் திரையை மட்டும் மங்கவைத்தால், பாவை மேலும் விரியும்.

3. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்கட்டும்; தொலைவு 50 முதல் 70 சென்டிமீட்டர். மின்விசிறிக் காற்று முகத்தில் நேராக விழாதபடி நாற்காலியை நகர்த்துங்கள்.

4. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தொலைவை, இருபது நொடி பார்க்கச் சொல்லும் விதி கலிஃபோர்னியாவின் கண் பரிசோதகர் ஜெஃப்ரி ஆன்ஷெல் பரப்பியது. எண்கள் எளிதில் நினைவில் நிற்பதற்காக அமைந்தவையே தவிர, அளந்து கண்டவை அல்ல. சிறு அறையில் இருபது அடிக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள், சன்னலுக்கு வெளியே தெருவிளக்கைப் பார்க்கலாம். அந்த இருபது நொடியில் இமைகளை முழுமையாக மூடி ஏழெட்டு முறை திறப்பது, தொலைவைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது. அரைச் சிமிட்டல் எண்ணெயைப் பிழிவதில்லை.

இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு

அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை ஒன்பது மணி என்றால், சென்னையில் கோடைக்காலத்தில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் அந்நேரம் வேலை தொடங்குபவர்களுக்கு, மாலையில் திரையை மஞ்சளாக்கும் அறிவுரை பொருந்தாது. பணியின் முதல் பாதியில் விழிப்பு வேண்டும். நல்ல வெளிச்சமும் வெள்ளைத் திரையும் அதற்குத் துணை. கடைசி இரண்டு மணி நேரத்தில்தான் இரண்டையும் தணிக்க வேண்டும். விடியற்காலையில் வீடு திரும்பும்போது முகத்தில் விழும் வெயில், இரவு முழுவதும் பார்த்த திரையைவிட வலுவாக உறக்கத்தைக் கலைக்கும். நிறுவன வண்டியில் பயணிப்பவர் கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளலாம். தானே வண்டி ஓட்டுபவர் தூக்கக் கலக்கத்தில் அதைச் செய்யக் கூடாது.

சொட்டு மருந்தும் மருத்துவரும்

செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு வறட்சிக்கு உதவும். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் தேவைப்படுபவர்கள், பதனப்பொருள் சேர்க்காத வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. கண் சிவப்பை உடனே போக்கும் சொட்டுகள் இரத்தக் குழாய்களைச் சுருக்குபவை. நிறுத்தியதும் சிவப்பு முன்னிலும் அதிகமாகத் திரும்பலாம். மருந்துக் கடையில் "கண் எரிச்சல்" என்று மட்டும் சொல்லி வாங்கும் சொட்டில் ஸ்டீராய்டு இருந்து, அதை மாதக்கணக்கில் விட்டுக்கொண்டால், கண் அழுத்த நோயும் கண்புரையும் வர வாய்ப்பு உண்டு.

விளக்கைச் சுற்றி வானவில் வளையத்துடன் கடும் கண்வலியும் வாந்தியும், திடீரென்று மின்னல்போல் ஒளிக்கீற்றுகள், பார்வையின் ஓரத்தில் திரை இறங்குவது போன்ற நிழல் ஆகியவை கணினியால் வரும் சோர்வின் அறிகுறிகள் அல்ல. இவற்றுக்கு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மற்றபடி, நாற்பதைக் கடந்தவர்கள் கண் பரிசோதனைக்குப் போகும் முன், வழக்கமாக உட்காரும் நிலையில் கண்ணிலிருந்து மானிட்டர் எத்தனை சென்டிமீட்டர் என்பதைத் தையல் டேப்பால் அளந்து குறித்துக்கொண்டு போவது நல்லது. அந்த எண் தெரியாமல் எழுதப்படும் "கம்ப்யூட்டர் கண்ணாடி", யாரோ ஒருவருடைய மேசைக்கான கண்ணாடியாகவே இருக்கும்.